உள்ளே டெஸ்ட் நடக்கிறது

பாப்பா மூச்சு வாங்குவதற்காக அழுகையை நிறுத்திய அந்த மூன்று நொடியில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

பிப். பிப். பிப்.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மணி ஏழு இருபது. சத்தம் பின்னறையிலிருந்து வந்தது. பின்னறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அதற்குள்ளே என் கணவர் இருந்தார்.

நான் இயல்பிலேயே பயந்தவள். தபால்காரர் மணி அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பேன். இரண்டு நாள் அடிக்காவிட்டால் தபால்காரருக்கே என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பேன். பாப்பா பிறந்த பிறகு இது இரண்டாள் பயமாகப் பெருகிவிட்டது. அவள் தும்மினால் நிமோனியா. தும்மாவிட்டால் மூக்கடைப்பு. ஆகவே பிப் சத்தம் கேட்டதும் அரை நொடியில் நான் ஒரு தீ விபத்து, ஒரு வெடிவிபத்து, ஒரு பத்திரிகைச் செய்தி மூன்றையும் பார்த்து முடித்துவிட்டேன். செய்தியில் என் பெயரை வேறு தப்பாகப் போட்டிருந்தார்கள்.

"என்னங்க! உள்ளே என்னவோ கத்துது!"

பிப். பிப். பிப்.

"என்னங்க! வெடிக்கப் போகுதா? நாங்க வெளியே ஓடணுமா?"

உள்ளே ஏதோ உருண்டது. சத்தம் நின்றது. அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒரு குரல்.

"டெஸ்ட் பண்றேன்!"

பாப்பா விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள்.

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். சுவரில் பெரிதும் சிறிதுமாய் எழுத்துகளை மாட்டி, "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்கிற வேலை. அந்தக் கடையில் ஊசி போன்ற ஸ்குரூ டிரைவர் ஒரு செட் உண்டு. அது கையில் இருப்பதால் உலகத்தில் தம்மால் பிரிக்க முடியாதது எதுவுமில்லை என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண் போனதில்லை. பிரிப்பதில் அவர் மன்னர்தான். மறுபடி சேர்ப்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டி விமானம் விடுவார். தெர்மகோல் உடம்பு, ஒரு ஆள் நீளத்துக்கு இறக்கை. கையில் ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு குச்சி. குச்சியை அசைத்தால் வானத்தில் விமானம் திரும்பும். அந்தப் பெட்டியை நான் கல்யாணமான புதிதில் ரிமோட் என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

"டிவிக்கு இருக்கறது ரிமோட். இது டிரான்ஸ்மிட்டர். உன்னை யாராவது ஆயான்னு கூப்பிட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

இப்போது பாப்பா வந்த பிறகு என்னை ஆயா என்று கூப்பிட்டால்கூட ஒன்றும் தோன்றாது. கூப்பிட்டவர் சம்பளமும் வாரத்தில் ஒரு நாள் லீவும் கொடுப்பார் அல்லவா?

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, விமானத்தின் வால் தானாக நடுங்க ஆரம்பித்ததாம். வாலில் நிற்கிற அந்தச் சின்னப் பலகைக்கு ரட்டர் என்று பெயர். அதுதான் விமானத்துக்குச் சுக்கான். அது குளிரில் நிற்கிற நாய்க்குட்டி மாதிரி வெடவெடக்க, விமானம் குடித்துவிட்டுப் போகிறவர் மாதிரி போய், யாரோ காயப்போட்டிருந்த போர்வையில் புகுந்துகொண்டது. போர்வைக்காரம்மா சொன்னதை அவர் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

"டிரான்ஸ்மிட்டர்ல கோளாறு. நானே சரி பண்ணிடுவேன்."

அப்போதுதான் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோரிக்கை வைத்தேன். பாப்பாவுக்கு அப்போது நான்கு மாதம். தினமும் மாலை ஏழு மணிக்கு அழ ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குத்தான் ஓய்வாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். அவருக்கு ஒன்றுமில்லைதான். மற்ற நேரமெல்லாம் அவள் நாற்பது நாற்பது நிமிடமாகத் தூங்குவாள். நான் அவளைக் கூடையில் கிடத்தி, கூடையைக் குளியலறை வாசலில் வைத்து, கதவை அகலத் திறந்துபோட்டு, அவளைப் பார்த்தபடியே மூன்று செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். அதற்குப் பெயர் குளியல். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவள் அழுகிற மாதிரியே கேட்கும். சோப்புக் கண்ணோடு ஓடி வருவேன். அவள் நிம்மதியாகக் கொட்டாவி விடுவாள். நான்கு மாதமாக என் முதுகு சோப்பைப் பார்க்கவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, இரண்டு வாளி வெந்நீரில், தலைக்கு ஊற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடாத ஒரு குளியல். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நகை கேட்கவில்லை. புடவை கேட்கவில்லை.

அவர் பெருந்தன்மையோடு கையை நீட்டிச் சத்தியமே செய்தார். மாடி வீட்டுத் தையல்கார அக்காகூட அப்போது ரவிக்கை கொடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த டிரான்ஸ்மிட்டரை மட்டும் சரி பண்ணிடறேன். அப்புறம் தினமும் ஏழுலேர்ந்து ஒம்போது வரைக்கும் பாப்பா என் பொறுப்பு. நீ ஆற அமரக் குளி. அதுவரைக்கும் என்னைத் தொந்தரவு பண்ணாதே. நுணுக்கமான வேலை."

அன்றிலிருந்து அவர் ஆறரைக்கு வீட்டுக்கு வருவார். டீ குடிப்பார். ஏழு பத்துக்குப் பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால் ஒரு சின்ன இசை பாடும். தாழ் விழுந்ததும் அது பாடும். ஒன்பது மணிக்கு, பாப்பா அழுது முடித்துத் தூங்கியதும், கண் சிவக்க வெளியே வருவார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மருத்துவ அறிக்கை வெளியாகும்.

முதல் வாரம்: "குச்சிக்கு அடியில அழுக்கு. ஸ்பிரே அடிச்சிருக்கேன்."

இரண்டாம் வாரம்: "ஒரு வயர் சரியாப் பத்தவைக்கலை. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

மூன்றாம் வாரம்: "ஸ்பிரிங்."

"ஸ்பிரிங்குக்கு என்னங்க?"

"ஸ்பிரிங்தான்."

நான்காம் வாரம் பெயர் சொல்கிற கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது. கண்ணை மூடித் தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். பிழைப்பது கஷ்டம் என்கிற மாதிரி.

எனக்கு அவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. கண்ணெல்லாம் சிவந்து, கன்னத்தில் ஒரு பக்கம் மடிப்பு மடிப்பாய்க் கோடு விழுந்து, மனுஷன் எப்படி உழைக்கிறார்! கூடவே அந்தப் பிப் சத்தம். அது தினமும் வந்தது. அதனால் பயந்துபோய் நான் ஒரு நோட்டில் நேரம் குறித்து வைக்க ஆரம்பித்தேன். நாளைக்குத் தீயணைப்புக்காரர்கள் வந்து, "எப்பலேர்ந்தும்மா சத்தம் வருது?" என்று கேட்டால் பதில் வேண்டாமா? நான் கான்வென்ட்டில் படித்தவள். கோடு போட்டுத் தேதி எழுதாமல் எனக்கு மூச்சுக்கூட விடத் தெரியாது.

திங்கள்: 7.20, 7.31, 7.41, 7.52. செவ்வாய்: 7.21, 7.31, 7.42. புதனும் அப்படியே. ஒவ்வொரு பிப்புக்கும் நடுவில் பத்து நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. கடிகாரம் வைத்த குண்டுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் பயத்தில்தான் டிரான்ஸ்மிட்டரோடு வந்த மேனுவலைத் தேடினேன். பாப்பாவின் துண்டுகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. நூற்றுப் பதினெட்டுப் பக்கம். அவர் அதைத் தொட்டதே இல்லை. "மேனுவல் படிக்கறவன் மெக்கானிக்கே இல்லை" என்பார். எங்கள் பள்ளியிலோ வேறு சட்டம். கேள்வித்தாளை வாங்கினால், அச்சகத்தின் பெயர் உட்பட முழுதும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆங்கில சிஸ்டர் முட்டியில் ஸ்கேலை வைப்பார். அந்த முட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

கடைசியாகக் குச்சி அசைந்ததிலிருந்து பத்து நிமிடம் வரை யாரும் எதையும் தொடாவிட்டால் இந்த டிரான்ஸ்மிட்டர் ஒலி எழுப்பும். ஏதாவது ஒரு குச்சியை அசைத்தால் ஒலி நின்றுவிடும். அணைக்க மறந்து போனவர்களுக்கான நினைவூட்டல் இது.

மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே அர்த்தம்தான் வந்தது.

அப்படியானால், அவர் "டெஸ்ட் பண்றேன்" என்று கத்திய ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தின நொடியில் அந்தப் பெட்டி, "பத்து நிமிஷமா இந்த ஆள் என்னைத் தொடவே இல்லை" என்று வீடு பூராவும் கேட்கும்படி புகார் சொல்லியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் பத்துத் தடவை குச்சியைத் தட்டியிருக்கிறார். நாள் முழுவதும் அவர் செய்த ரிப்பேர் அந்தப் பத்துத் தட்டுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குற்றத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்கிற ஒரு பாவியை எங்கள் சிஸ்டர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் பகலில், அவர் கடைக்குப் போனதும், மாடி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ தூங்கறாரா?"

"தெரியலை அக்கா. ஒருவேளை யோசிச்சுக்கிட்டு இருக்காரோ என்னவோ."

"பத்துப் பத்து நிமிஷமா எந்த ஆம்பளை யோசிக்கறான்? நேரா கேட்டுடு."

"பயமா இருக்கு. கேட்டா இல்லைம்பாரு. நான் அழுதுடுவேன். நான் அழுதா பாப்பா அழுவா. ரெண்டு பேரும் அழறாங்களேன்னு அவர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்குவாரு."

அக்கா தையல் மிஷினை நிறுத்தினார். அது பெரிய விஷயம். அவர் சாதாரணமாக எதற்கும் மிஷினை நிறுத்த மாட்டார்.

"பாப்பாவை என்கிட்ட கொடு. முக்கால் மணி நேரம். போய் உள்ளே என்னதான் இருக்குன்னு பார்த்துட்டு வா."

அந்த முக்கால் மணியில் குளித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது திரும்பி வரும்போது மாடிப்படியில்தான் தோன்றியது.

ஐந்து வாரத்தில் முதல் தடவையாகப் பின்னறைக்குள், மேனுவலை மார்போடு அணைத்தபடி நுழைந்தேன். மேஜை மேல் டிரான்ஸ்மிட்டர். பக்கத்தில் விமானம். மேஜைக்கு அடியில் பாய். பாயின் மேல் என் தலையணை. மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த தலையணை. சலவைக்காரரோடு அதற்காகச் சண்டையே போட்டேன். அவர், "அம்மா, உங்க தலையணை மேல தலை வைக்கிற அளவுக்கு எனக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்புறம் கன்னத்து மடிப்புக் கோடுகளை நினைத்துப் பார்த்தேன். உழைப்பின் தழும்புகள்!

கோபம் வந்திருக்கவேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. டிரான்ஸ்மிட்டர் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால்? அப்போது அவரை எழுப்பினாலும் அது சரியாகாது. சரியாகாதவரை எனக்குக் குளியல் இல்லை. மேனுவலின் கடைசியில் கோளாறு, காரணம், பரிகாரம் என்று ஓர் அட்டவணை இருந்தது. தேர்வு எழுதுகிற மாதிரி வரிசையாகப் போனேன்.

ரட்டர் நடுங்குகிறதா? முதலில் டிரான்ஸ்மிட்டரின் திரையைப் பார்க்கவும். ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு கோடு தெரியும். குச்சியை விட்ட பிறகும் கோடு நடுங்கினால் குற்றம் டிரான்ஸ்மிட்டரில்.

பெட்டியை ஆன் செய்தேன். குச்சியை அசைத்துவிட்டு விட்டேன். கோடு நடுவில் வந்து நின்றது. காலைப் பிரார்த்தனை வரிசையில் நாங்கள் நின்ற மாதிரி அசையாமல் நின்றது. அதாவது, டிரான்ஸ்மிட்டர் நன்றாகத்தான் இருந்தது!

அடுத்த வரி: அப்படியானால் விமானத்துக்குள் பார்க்கவும்.

சிவப்பு எழுத்தில் போட்டிருந்தபடி, மூக்கில் இருந்த விசிறியை முதலில் கழற்றி, அலமாரியில் வைத்து, அலமாரியையும் பூட்டினேன். அப்புறம் விமானத்துக்குப் பேட்டரி கொடுத்தேன். வால் வெடவெடத்தது. நானும் கூடவே. வயிற்று மூடியைத் திறந்தால், உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. அதில் வரிசையாக வயர்கள் செருகியிருந்தன. வாலுக்குப் போகிற வயரின் முனை மட்டும் பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் அழுத்தினேன். டிக். வால் நின்றது.

அவ்வளவுதான்.

கடையில் இவர் யார் வந்தாலும் சொல்வது ஒரே வசனம். "கண்ணாடியைக் குறை சொல்லாதீங்க. முதல்ல கண்ணைப் பார்ப்போம்." வீட்டில் ஐந்து வாரமாகக் கண்ணாடியையே பிரித்துப் பிரித்துத் துடைத்துவிட்டு, கண்ணை ஒருதரம்கூடத் திறந்து பார்க்கவில்லை. கோளாறு பிடிபடவில்லை, வெளியே வந்து தெரியவில்லை என்று சொல்ல ரோஷம், தாழ் போட்ட அறை, பாய், பகலெல்லாம் நின்ற கால். தூங்கிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. என் முதுகு அரித்ததும் பாவம் போய்விட்டது.

இனி என்ன செய்வது? நானே சரி செய்தேன் என்று சொன்னால் ரோஷத்தில் இன்னொன்றைப் பிரிப்பார். வீட்டில் மிக்ஸி இருக்கிறது, சுவர்க்கடிகாரம் இருக்கிறது. இப்படி யோசித்துக்கொண்டே மேனுவலைப் புரட்டினேன். நாற்பத்திரண்டாம் பக்கம். அந்தப் பத்து நிமிடத்தை வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளலாம். ஒரு நிமிடமாகக்கூட. பிப் சத்தத்துக்குப் பதிலாக உங்கள் குரலையே பதிவு செய்துகொள்ளலாம்.

ஒரு நிமிடம் என்று வைத்தேன். வாயைக் கிட்டே கொண்டுபோய், வழக்கமான என் நடுங்கிய குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

"என்னங்க?"

அன்று மாலை ஏழு பத்துக்குத் தாழ் விழுந்தது. இசை பாடியது. பாப்பா ஆரம்பித்தாள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். ஏழு பதினொன்று.

"என்னங்க?" என்றது பின்னறை.

"டெஸ்ட் பண்றேன்!" என்றார் அவர்.

"என்னங்க?"

"டெஸ்ட் பண்றேன்மா!"

"என்னங்க? என்னங்க?"

"அட, டெஸ்ட்தான்!"

என் குரலோடு என் கணவர் பேசிக்கொண்டிருக்க, நான் நடுக்கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பாப்பாகூட அழுகையை நிறுத்திவிட்டு யாரது என்று பார்த்தாள். கதவு திறந்தது. தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நின்றது.

"என்ன இப்ப? எதுக்குக் கூப்பிட்டே?"

"நான் கூப்பிடலையேங்க."

பொய் இல்லை. நான் கூப்பிட்டது பகல் பன்னிரண்டு மணிக்கு.

"காதுல விழுந்துதே!"

"பாப்பாவுக்குப் பாட்டுக்கூடப் பாடலை. ரொம்ப நேரமா வேலை செய்யறீங்கல்ல, அசதியா இருக்கும். வேணும்னா கொஞ்சம் படுங்களேன்."

"படுக்கறதா? வேலையை விட்டுட்டா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு நிமிடம் கழித்து நான் மறுபடி அவரைக் கூப்பிட்டேன். சமையலறையிலிருந்தபடி, வாயைத் திறக்காமல்.

இரண்டாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். எப்படித் தெரியும் என்றால், 'என்னங்க' பாதியிலேயே 'என்ன' என்று அறுந்து அறுந்து வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து, பெட்டி வாயைத் திறந்ததும் குச்சியைத் தட்டுகிறார் போல. சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்தார். கேட்டுவிடுவாரோ? ஆனால் எப்படிக் கேட்பார்? 'ஒரு நிமிஷம் தொடாம விட்டா உன் குரல்ல கூப்பிடுது' என்று சொல்லவேண்டுமானால், ஒரு நிமிடம் ஏன் தொடாமல் விட்டீர்கள் என்று நான் கேட்பேனே!

"வேலை எப்படிப் போகுது?"

"ம்."

"புதுசா ஏதாவது கோளாறு?"

"இல்லை."

"சத்தம் கித்தம்?"

"ஒரு சத்தமும் இல்லையே! உனக்கு எதாவது கேட்டுதா?"

"எனக்கென்னங்க தெரியும். கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

மூன்றாம் நாள் பின்னறை நிசப்தமாக இருந்தது. ஏழரை. ஏழே முக்கால். ஒரு 'என்ன'கூட இல்லை. டேபிள் ஃபேன் மட்டும் கர்ர், கர்ர் என்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. என் சூழ்ச்சியைத் தாங்காமல் மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? கதவில் காதை வைத்தேன். கர்ர்ர். அதற்குக் கீழே, மெல்லிய குறட்டை. கர்ர்ர். குறட்டை. அப்படியானால் குச்சியை அசைப்பது யார்?

தடார்!

"என்னங்க? என்னங்க? என்னங்க?" இந்தத் தடவை கூப்பிட்டது நானேதான்.

"ஐயோ!" என்றார் உள்ளேயிருந்து.

மாடியிலிருந்து அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். "என்ன உடைஞ்சுது? ஊசி ஒடிஞ்சுபோச்சு எனக்கு!" நான் கதவைத் தட்ட, அக்கா தட்ட, பாப்பா தன் பங்குக்கு வீறிட, கதவு திறந்தது.

டேபிள் ஃபேனின் கூண்டிலிருந்து டிரான்ஸ்மிட்டரின் குச்சிக்கு ஒரு நூல். என்னுடைய எம்பிராய்டரி நூல், ரோஜா நிறம். ஃபேன் இடதுபக்கம் திரும்பினால் குச்சி இழுபடும்; வலதுபக்கம் திரும்பினால் குச்சி திரும்பி வரும். ஃபேன் டெஸ்ட் பண்ண, இவர் தூங்கியிருக்கிறார்! நூல் ஏதோ ஒரு சுற்றில் சிக்கி, பெட்டியையே மேஜையிலிருந்து இழுத்துத் தள்ளியிருக்கிறது. நல்லவேளை, தலையணை மேல் விழுந்திருந்தது.

மூன்று பேரும் தலையணையைப் பார்த்தோம்.

"அதிர்வு டெஸ்ட்" என்றார் அவர். "மெத்துனு ஒண்ணு மேல விழுந்தா தாங்குதான்னு பார்த்தேன்."

"தாங்குதா தம்பி?" என்றார் அக்கா.

"தாங்குது."

"நல்லதாப் போச்சு. அப்போ வாலையும் ஒரு தடவை காமிங்க. அஞ்சு வாரமா கேள்விப்படறேன், கண்ணால பார்த்ததில்லை."

அவர் முகம் சுருங்கியது. விமானத்துக்குப் பேட்டரியைச் செருகும்போதே, சாவு வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டார். வால் நடுங்கும், பார்த்தீர்களா என்று பெருமூச்சு விடலாம், இன்னும் ஐந்து வாரம் கிடைக்கும். குச்சியை இடதுபக்கம் தள்ளினார். வால் இடதுபக்கம் போனது. வலதுபக்கம் தள்ளினார். வலதுபக்கம் வந்தது. விட்டார். நடுவில் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பெருமூச்சு பாதித் தொண்டையில் நின்றுவிட்டது.

"அட, ஜம்முனு இருக்கே!" என்றார் அக்கா. "யாரு சரி பண்ணது?"

அந்த நொடியை நான் மறக்க மாட்டேன். அவர் வாலைப் பார்த்தார். டிரான்ஸ்மிட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லிவிட்டால் தப்பித்துவிடுவார். இரண்டே வார்த்தை. ஆனால் அக்கா இன்னொரு தரம் கேட்டார், வாயைப் பிளந்து, அவ்வளவு வியப்போடு.

"நீங்களா தம்பி?"

என் கணவரின் நெஞ்சு ஓர் அங்குலம் விரிந்தது.

"வேற யாரு? அஞ்சு வாரம் சும்மாவா உள்ளே இருந்தேன்?"

"முழுசா முடிஞ்சுதா?"

"நூத்துக்கு நூறு."

"ஏம்மா," அக்கா என் பக்கம் திரும்பினார், "இது முடிஞ்சதும் தம்பி ஏதோ செய்யறதாச் சத்தியம் பண்ணாரே, அது என்ன?"

"ஏழுலேர்ந்து..." என்று முனகினேன். "ஒம்போது வரைக்கும்."

"இரு, இரு. ஒரு ஞாயிறு பறக்கவிட்டுப் பார்த்துட்டு..."

"நூத்துக்கு நூறுன்னீங்களே?" என்றார் அக்கா.

"அது தரையில. வானத்துல..."

பேச்சில் குச்சியைத் தொட்டு ஒரு நிமிடம் ஆகிவிட்டது. அவர் கையிலிருந்த பெட்டி, என்னைவிடப் பணிவாக, "என்னங்க?" என்றது.

"சரி, சரி, நாளைலேர்ந்து!" என்றார் அதனிடம்.

மறுநாள் ஆறரை மணிக்கே இரண்டு வாளி வெந்நீர் வைத்துவிட்டேன். ஏழு மணிக்குப் பாப்பாவை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடிச் சட்டத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் வாங்கினார். பிறகு நானே கையைச் சரியாக வைத்து, முழங்கையை மடக்கிவிட்டு, கழுத்தைத் தாங்கச் சொல்லி, வழியில் கிடந்த மிதியடியை எடுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, விசிறி வேகத்தைக் குறைத்து, குளியலறைக்குப் போனேன்.

கதவைச் சாத்தினேன். தாழ் போடவில்லை. கை வரவில்லை.

ஒரு விரற்கடை திறந்துவைத்துக் காதைக் கொடுத்தேன். அழுகை இல்லை. அழுகையைவிடப் பயங்கரம் அழுகை இல்லாததுதான். கீழே போட்டுவிட்டாரா? மூச்சு? எட்டிப் பார்த்தேன். பாப்பா அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குச் சுவர் தெரியாது. ஆகவே இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, தன் மகள் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவள் ஆரம்பித்தாள். ஏழு மணி அழுகை.

"ஏம்மா! பசிக்குது போல!"

"இப்பதாங்க கொடுத்தேன்."

"தூக்கமோ?"

"அது ஒம்போதுக்கு."

"ஈரம்?"

"மாத்திட்டேன்."

"அப்போ எதுக்குத்தான் அழறா?"

"தெரியலீங்க. அஞ்சு மாசமா நானும் அதைத்தான் தேடறேன்."

குளியலறை ஆவியில் நான் ஒரு செம்புகூட மொண்டுகொள்ளாமல் நின்றேன். உடம்பு முழுக்க வெளியே ஓடத் தயாராக இருந்தது. கை கதவைத் திறக்கவே போனது. அப்போது அவர் பேசுவது கேட்டது. என்னிடம் இல்லை. அவளிடம்.

"ஏண்டி கண்ணு, தினம் இப்படித்தானா? உங்கம்மா இதைத் தனியாவா பார்த்துக்கிட்டா? அம்மாடி... சரி, சரி, அப்பாவைத் திட்டு. நல்லாத் திட்டு."

அவள் நன்றாகவே திட்டினாள். அவர் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. சுவரில் ஒருமுறை இடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு, கூடத்தில் மேலும் கீழும் நடந்தார்.

"ஏம்மா," கதவுக்கு வெளியே வந்து நின்றார். குரல் உடைந்திருந்தது. "ஒரே ஒரு நிமிஷம் வெளியே வந்துட்டுப் போயேன். அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் குளி."

நான் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன்.

தாழ்ப்பாள் ஐந்து மாதம் ஆடாமல் இருந்ததில் துருவேறி இறுகியிருந்தது. சோப்பை நனைத்து அதன் மேல் நன்றாகத் தடவி, இரண்டு கையாலும் தள்ளினேன். போய் விழுந்தது.